அவையில் அஞ்சாது பேசுவோம்

மாணவச் செல்வங்களே! மேடை ஏறியதும் கால் நடுங்குகிறதா? நா வறள்கிறதா? அதற்காக நாண வேண்டா. அவையச்சம் எவர்க்கும் உண்டு. அதனாலன்றோ வள்ளுவப் பெருந்தகை ‘அவையஞ்சாமை’ என ஓர் அதிகாரமே வகுத்தார்!

சலவைத் தொழிலாளரால் பெயர் பெற்றது நம் சிங்கையின் டோபி காட். அங்கே கேத்தே கட்டடத்தின் பழைய முகப்பு இன்றும் நிற்கிறது. அவ்விடத்து அரங்கில் 1943ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். அவ்வறிக்கையை ஓரிரவு கண்விழித்துத் தம் கையாலேயே எழுதியிருந்தார். ஆயினும் உறுதிமொழி கூறுகையில் குரல் தழுதழுத்தது, கண்ணீர் பெருகியது, பேச்சு நின்றது. அரங்கம் அமைதி காத்தது. அவரோ கண்களைத் துடைத்துக்கொண்டு, எஞ்சியதையும் சொல்லி முடித்தார். உடனிருந்த எஸ். ஏ. ஐயர் இதனைத் தம் நூலில் குறித்துள்ளார். மலாயாத் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழர் பலர் நேதாஜியின் அழைப்பை ஏற்றுப் படையில் சேர்ந்தனர்.

இதனால் நாம் அறிவது யாது? குரல் தடுமாறுவது குற்றமன்று. பாதியில் விட்டுவிடுவதே குறை.

ஆகவே, பேச வேண்டியதை முன்னரே எழுதி, பலமுறை வாய்விட்டுப் படியுங்கள். அவையோர் முகம் நோக்கி, கடைசி வரிசைக்கும் கேட்குமாறு நிதானமாகப் பேசுங்கள். சொல் மறந்தால் மேடையை விட்டு இறங்காதீர்கள். மூச்சை இழுத்துவிட்டு, சற்று நின்று தொடருங்கள்.

பெற்றோரே! பிள்ளைகள் வீட்டில் பேசிப் பழகுகையில் குறுக்கிடாது முழுதும் கேளுங்கள். அவர்களின் முதல் அவை நீங்களே.