பழைய சிமெண்ட் தரையில் கோடும் நிறமும்

காவித் தரை போட்ட காலத்தில், பூச்சு ஈரமாக இருக்கும்போதே கொத்தனார் நூலை இழுத்துப் பிடித்துக் கட்டம் போட்டுவிடுவார். நிறமும் அப்போதே சிமெண்டோடு கலந்துவிடும். அந்த வேளை தப்பி, இறுகிச் சாம்பலாகக் கிடக்கும் வாசலுக்கும் திண்ணைக்கும் கார் ஷெட்டுக்கும் இன்னொரு வழி இருக்கிறது: கோட்டை மெஷினால் வெட்டுவது, நிறத்தை மேலிருந்து ஊற வைப்பது. சேலம், நாமக்கல் பக்கம் இதில் இறங்குகிறவர்கள் ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். கடைக்காரர் அட்டையில் காட்டும் நிறம் வராது. உங்கள் தரை எதைக் கொடுக்கிறதோ அதுதான் வரும்.

செய்ய வேண்டியவை

தட்டிப் பாருங்கள். நம் வீட்டுத் தரைகளில் பெரும்பாலும் கீழே ஜல்லிக் கலவை, மேலே முக்கால் அங்குலம் மணல் பூச்சு, அதற்கும் மேல் தேய்த்துவிட்ட சிமெண்ட் பால். கம்பியால் தட்டிக்கொண்டே போனால் சில இடங்களில் உள்ளே காலியாக இருப்பதுபோல் ஒலிக்கும். அங்கே பூச்சு அடியை விட்டுவிட்டது. பிளேடு பட்டால் சில்லு சில்லாகப் பெயரும். அதைக் கொத்தி எடுத்துப் பூசி, ஒரு மாதமாவது ஆறவிட்டுப் பிறகு தொடங்குங்கள். ஒட்டுப் போட்ட இடம் வேறு நிறம்தான் காட்டும், அதற்குத் தயாராக இருங்கள்.

தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் உறிஞ்சிக் கறுத்தால் நிறமும் ஏறும். முத்து முத்தாக நின்றால் பழைய பெயிண்ட், மெழுகு, எண்ணெய் ஏதோ தடுக்கிறது. லாரி நின்ற இடத்திலும் தறிக்கூடத்திலும் எண்ணெய் ஆழமாக இறங்கியிருக்கும். ஒருமுறை கழுவினால் போகாது.

சிமெண்டின் வயதை விசாரியுங்கள். இதைத்தான் யாரும் கேட்பதில்லை. ஆசிட் ஸ்டெயின் என்பது பெயிண்ட் இல்லை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இரும்பு, மாங்கனீஸ், தாமிர உப்புகள் கரைந்திருக்கும். சிமெண்டில் மிஞ்சியிருக்கும் சுண்ணாம்போடு அவை வினைபுரிந்துதான் பழுப்பும் கருப்பும் பச்சையும் பிறக்கின்றன. இப்போது நாம் வாங்கும் பிபிசி வகை சிமெண்ட் மூட்டையில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல் கலக்க இந்தியத் தர விதி அனுமதிக்கிறது. மேட்டூரில் எரிந்த நிலக்கரியின் சாம்பல் உங்கள் வாசலிலேயே இருக்கலாம். அந்தச் சாம்பல் சுண்ணாம்பைத் தின்றுவிடும். அதனால் புதிய தரையில் நிறம் வெளிறி, திட்டுத் திட்டாக ஏறும். சாம்பல் கலக்காத சிமெண்டில் தாத்தா போட்ட தரையில் அதே மருந்து ஆழமாகப் பிடிக்கும். பழசு என்று இடிக்க நினைப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

உரக்கடைக்குப் போங்கள். விலையுயர்ந்த ஸ்டெயினைத் தேடுமுன் அன்னபேதியை முயன்று பார்க்கலாம். குச்சிக்கிழங்கும் கடலையும் இரும்புச்சத்து இல்லாமல் வெளுத்தால் நம் விவசாயிகள் தெளிக்கிற அதே பெரஸ் சல்பேட்தான். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 100 கிராம் கரைத்து, பிளாஸ்டிக் தெளிப்பானால் லேசாக அடியுங்கள். முதலில் பச்சையாகத் தெரியும், காயக் காயத் துருநிறம் எடுக்கும். ஒரே தடவையில் நிறைய ஊற்றுவதைவிட மெலிதாக இரண்டு தடவை அடிப்பது நல்லது. குட்டையாகத் தேங்கினால் அந்த ஓரம் அழியாத வளையமாக நிற்கும். சுவர், வேட்டி, செருப்பு எதில் பட்டாலும் கறைதான்.

மூலையில் சோதியுங்கள். வண்டிக்கு அடியில் மறையும் இடமாகப் பார்த்து ஒரு சதுர அடி போதும். இரண்டு நாள் விட்டுப் பாருங்கள்.

நிறத்தை முதலில் ஏற்றி, ஒரு கை சீலர் அடித்து, அதன் பிறகு கோடு வெட்டுங்கள். வெட்டிய பள்ளத்தில் சிமெண்டின் சாம்பல் நிறம் அப்படியே தெரியும். தனியாகச் சாந்து நிரப்பிய கல் தளம் போல இருக்கும். ஆழம் இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஏற்கெனவே வெடிப்பு ஓடியிருந்தால் மறைக்காமல் அதையே ஒரு கோடாக எடுத்துக்கொண்டு வடிவத்தை அமையுங்கள்.

வாசலில் முழுக் கோலத்தையும் செதுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு என் யோசனை: புள்ளிகளை மட்டும் குடையுங்கள். செதுக்கிய கோலம் ஒன்றே ஒன்று, மார்கழி முழுக்க அதையே பார்க்க வேண்டும். புள்ளி மட்டும் இருந்தால் வீட்டுப் பெண்கள் தினம் ஒரு சிக்குக்கோலம் இழுத்துக்கொள்ளலாம்.

கடைசிக் கழுவலுக்குக் காவிரிக் குழாய்த் தண்ணீர் பிடித்து வையுங்கள். போர் தண்ணீரின் உப்பு, காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்து நிறத்தை மூடும். வேலையை தை, மாசியில் வைத்துக்கொள்வது உத்தமம். ஆவணி முதல் ஐப்பசி வரை சாயங்கால மழை எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. ஈரம் உள்ளே இருக்க மேலே சீலர் அடித்தால் பால்போல வெளுக்கும். சித்திரை வெயிலில் சுட்ட தரையில் அடித்தாலோ கொப்புளம் போடும்.

செய்யக்கூடாதவை

மொட்டைமாடியில் பிளேடு வைக்காதீர்கள். தட்டோட்டின் மேல் அழகு பார்க்கப் போய் மழைத் தண்ணீருக்கு வழி வெட்டிக் கொடுத்ததாகிவிடும்.

உலர வெட்டாதீர்கள். ஜல்லியிலும் எம்-சாண்டிலும் குவார்ட்ஸ் இருக்கிறது. அந்தத் தூசு நுரையீரலில் படிந்து உண்டாக்கும் சிலிகோசிஸைக் குணமாக்க மருந்தில்லை. கல்குவாரித் தொழிலாளர்களைக் கொல்லும் அதே நோய்தான். முகத்தில் துண்டு கட்டுவதால் பயனில்லை. என்95 முகக்கவசமாவது வேண்டும். தண்ணீர் விட்டு வெட்ட வசதியுள்ள மெஷினை மட்டும் பயன்படுத்துங்கள், அந்த லைனில் மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்க வேண்டும். நம் ஆட்கள் முதல் வேலையாகக் கழற்றி எறிவது பிளேடின் காப்புத் தகட்டைத்தான். அதைக் கழற்றவே விடாதீர்கள். நாலு அங்குல மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். மரம் அறுக்கும் பிளேடை அதில் மாட்டவே கூடாது.

அமிலத்தின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். ஆசிட் ஸ்டெயின் அடித்த தரையை ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் கழுவாமல் விட்டால் மேலே எந்தச் சீலரும் ஒட்டாது.

கழுவிய தண்ணீரை சாக்கடையிலோ தென்னை மூட்டிலோ விடாதீர்கள். தாமிரம் கலந்த மருந்தானால் கூடுதல் கவனம். செம்மறிக்குத் தாமிரம் விஷம். மேச்சேரி ஆடு கட்டியிருக்கும் வீட்டில் அந்தப் பச்சை, நீல வகையே வேண்டாம். மழை படும் இடத்தில் அந்த நிறம் நாளடைவில் கறுத்தும் போகும்.

தினம் தண்ணீர் தெளிக்கும் வாசலில் கண்ணாடிப் பளபளப்பு கேட்காதீர்கள். பெரியவர்கள் வழுக்கி விழுவார்கள். படலம் போடாமல் உள்ளே இறங்கும் சிலேன்-சிலாக்சேன் வகைச் சீலர் போதும். நிறம் அவ்வளவு அடர்த்தியாகத் தெரியாதுதான்.

ஜவ்வரிசியோ தானியமோ காயப்போடும் களத்தை அலங்கரிக்காதீர்கள். பள்ளத்தில் மாவு தங்கிப் புளிக்கும், அந்தப் புளிப்பு சிமெண்டையே அரிக்கும். சாயம் ஏறிய தரையில் சாப்பிடும் பொருளும் படக்கூடாது.

முடித்த தரையில் பாத்ரூம் ஆசிட் ஊற்றாதீர்கள், சோப்புத் தண்ணீர் போதும். வெளிப்புறத்தில் படலம் போடும் அக்ரிலிக் சீலர் அடித்திருந்தால், இரண்டு மூன்று வருடத்தில் மறுபடி ஒரு கை அடிக்க வேண்டிவரும்.

வாடகை வீட்டில் இதைத் தொடங்கவே வேண்டாம். அன்னபேதி ஏறிய தரை மறுபடி சாம்பலாகாது. வீட்டுக்காரர் அட்வான்ஸைப் பிடித்துக்கொள்வார்.