ஹார்மோன் கோழியும் சோயாப் பாலும்

செராஸ்

அன்பு யாழினி,

குடும்பப் புலனத்தில் நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். பண்ணைக் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்களாம், அதைத் தின்றுதான் பெண்பிள்ளைகள் சீக்கிரமே வயதுக்கு வருகிறார்களாம். உண்மையா மாமா என்று கேட்டிருந்தாய்.

வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் கோழியின் வயிற்றிலேயே செரித்துவிடும். ஊசியாகத்தான் போட வேண்டும், அதுவும் திரும்பத் திரும்ப. ஒரு கொட்டகையில் பல ஆயிரம் கோழிகள். எந்தப் பண்ணைக்காரருக்கு இது கட்டுப்படியாகும்?

பிறகு கோழி எப்படி இவ்வளவு வேகமாகப் பெருக்கிறது? கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957ஆம் ஆண்டு இனத்தையும் 2005ஆம் ஆண்டு இனத்தையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். 56ஆம் நாளில் பழைய கோழி 905 கிராம், புதியது 4,202 கிராம். தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனம் சேர்த்ததன் பலன் அது. மரபணு மாற்றம்கூட இல்லை.

அச்சத்துக்கு வேரே இல்லை என்று சொல்லமாட்டேன். அமெரிக்காவில் ஒரு காலத்தில் டி.இ.எஸ். என்ற செயற்கை ஹார்மோன் வில்லையைக் கோழியின் கழுத்துத் தோலடியில் வைத்தார்கள். 1959இல் அது நின்றது. மாடுகளுக்கு அங்கே இன்றும் ஹார்மோன் உண்டு. அந்த இறைச்சியை ஐரோப்பா 1989 முதல் உள்ளே விடுவதில்லை. சீக்கிரம் வயதுக்கு வருவதில் உடல் எடைக்கும் பங்குண்டு. பொரித்த கோழியைக் கணக்கில்லாமல் தின்றால் எடை கூடும், அது வேறு கதை.

தாமான் கொனாட் புதன்கிழமை பாசார் மாலாமில் சோயாப் பால் குடிக்கிறாயே, அதைப் பற்றி யாரும் செய்தி அனுப்புவதில்லை! அமெரிக்கா, பிரேசில், அர்ஜென்டினாவில் விளையும் சோயாவில் பெரும்பகுதி மரபணு மாற்றியது. சந்தைக்கு வந்தவை சோதனை தாண்டியவை, உடல்நலக் கேடு தெரியவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சோதனை சும்மா பெயருக்கல்ல. 1990களில் பிரேசில் கொட்டையின் மரபணுவைச் சோயாவில் சேர்த்தார்கள். கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்தச் சோயாவும் ஒத்துக்கொள்ளாது என்று சோதனையில் தெரிந்ததும் அதைக் கைவிட்டார்கள்.

நம் நாட்டு விதிப்படி மரபணு மாற்றிய பொருள் 3 விழுக்காட்டைத் தாண்டினால் பொட்டலத்தில் குறிப்பிட வேண்டும். சுத்திகரித்த எண்ணெய்க்கும், மரபணு மாற்றிய தீவனம் தின்ற கோழிக்கும் விலக்கு. எனக்கு இந்த விலக்கில் உடன்பாடில்லை. தெரிந்து வாங்குவது பயனீட்டாளர் உரிமை.

கோழியில் நான் பயப்படுவது நோய்க்கொல்லி மருந்துக்கு. மனிதருக்கு வேறு மருந்து கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் கொலிஸ்டினைக் கால்நடைத் தீவனத்தில் கலந்துவந்தார்கள்; மலேசியா அதை 2019 ஜனவரியில்தான் தடை செய்தது. அந்தப் புலனச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதே. கொலிஸ்டினை ஏன் தடை செய்தார்கள் என்று உன் அறிவியல் ஆசிரியரிடம் கேள்.

அன்புடன்,
மாமா