தோமையாருக்குக் கிடைத்த எட்டு நாள்

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் உயிர்ப்புப் பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் கைக்கு வந்தது. ஊரையும் பெயரையும் விட்டுவிட்டு இதழிலேயே பதில் எழுதுகிறேன். உங்கள் கேள்வி உங்களுக்கு மட்டுமானது இல்லை.

பாஸ்கா திருவிழிப்பில் சமாதானம் சொல்லும் நேரம். பக்கத்து வரிசையில் இருந்த தம்பி கைகூப்பி உங்கள் பக்கம் திரும்பினார். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அப்பா விட்டுப்போன நிலத்தில் உங்கள் பங்கைத் தராமல் இழுத்தடித்து, வழக்குவரை போய், ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி. “மெழுகுதிரியைக் கையில் பிடித்துக்கொண்டே இப்படிச் செய்தேன். பிறகு போய் நற்கருணையும் வாங்கினேன். நான் வாங்கியிருக்கலாமா?” என்று கேட்கிறீர்கள்.

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் பங்குச் சாமியார். எனக்குச் சொல்ல இருப்பது வருகிற ஞாயிறைப் பற்றி.

இறை இரக்க ஞாயிறு. 2000 ஏப்ரல் 30 அன்று, போலந்துத் துறவி பவுஸ்தினாவுக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது, பாஸ்காவுக்கு அடுத்த ஞாயிறை இந்தப் பெயரில் கொண்டாடுமாறு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் திருச்சபைக்குச் சொன்னார். பெயர் புதிது, அன்று வாசிக்கப்படும் நற்செய்தி மிகப் பழையது: தோமையாரின் கதை. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பகுதியில் இரக்கம் என்ற சொல்லே வருவதில்லை.

கதை உங்களுக்குத் தெரியும். பயத்தில் சீடர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறார்கள். இயேசு நடுவில் வந்து நின்று அமைதி சொல்கிறார். உள்ளே இருந்தவர்கள் மூன்று நாள் முன்பு அவரை விட்டு ஓடியவர்கள். ஒருவர் தெரியவே தெரியாது என்று மூன்று முறை சாதித்தவர். ஏன் ஓடினாய் என்று இயேசு கேட்கவில்லை. கையையும் விலாவையும் காட்டுகிறார். அப்போது தோமையார் அங்கே இல்லை. வந்ததும், தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்கிறார். எட்டு நாள் கழித்து அவருக்கும் காட்சி கிடைக்கிறது.

மயிலாப்பூரிலும் பரங்கிமலையிலும் அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிற நாமே, பிரசங்கம் என்று வந்தால் அவரைச் சந்தேகப் பேர்வழி ஆக்கிவிடுகிறோம். எனக்கு அந்த இடைப்பட்ட எட்டு நாள்மேல்தான் கண். யோவான் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. பத்துப் பேர் கண்ணால் கண்டோம் என்கிறார்கள்; ஒருவர் அத்தனை பேரையும் ஏறக்குறைய பொய்யர் ஆக்கிவிட்டார். ஆனாலும் அடுத்த வாரம் அதே வீட்டில் அவர்களோடுதான் இருக்கிறார். யாரும் அவரை வெளியே தள்ளவில்லை, அவரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. ஒரு வாரம் முழுக்க அந்த வீட்டில் எப்படிச் சாப்பிட்டிருப்பார்கள், என்ன பேசியிருப்பார்கள்? மனசு ஒட்டாமலே ஒரே கூரையின் கீழ் இருந்த அந்த நாட்களை நான் இரக்கத்தின் கணக்கில்தான் சேர்ப்பேன்.

2019இல் இலங்கையில் நடந்தது நினைவிருக்கும். ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு காலை. கொழும்பில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்புக்குப் பக்கத்தில் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பில் சீயோன் தேவாலயம், கூடவே கொழும்பின் சில ஓட்டல்கள்; அத்தனையிலும் குண்டு வெடித்தது. 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சீயோனில் இறந்தவர்களில் ஞாயிறு பள்ளிக்கு வந்த பிள்ளைகள் பலர். அந்தோனியார் கோயிலோ, செவ்வாய்க்கிழமையானால் தமிழரும் சிங்களவரும், இந்துக்களும் முஸ்லிம்களும்கூட வந்து மெழுகுதிரி ஏற்றுகிற இடம்.

அடுத்த ஞாயிறு ஏப்ரல் 28. இதே இறை இரக்க ஞாயிறு. மறுபடியும் குண்டு வெடிக்கலாம் என்ற அச்சத்தில் தீவு முழுவதும் கத்தோலிக்கக் கோயில்களில் பொதுப் பூசை நிறுத்தப்பட்டது. கர்தினால் மால்கம் ரஞ்சித் தமது இல்லத்துச் சிற்றாலயத்தில் பூசை வைத்தார். மக்கள் வீட்டிலிருந்தபடி தொலைக்காட்சியில் கண்டார்கள். பூட்டிய கதவின் நற்செய்தியை, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டார்கள். அந்த வருடம் அதற்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

கதவுக்கு வெளியே வேறொன்றும் நடந்தது. குண்டு வெடித்த அன்றே இரத்தம் கொடுக்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். பையில் போன இரத்தம் எந்த மதத்துக்காரருடையது என்று யார் பார்த்தார்கள்?

கட்டுவாப்பிட்டிக் கோயிலில் உயிர்த்த இயேசுவின் சுரூபம் ஒன்று உண்டு. அன்று அதன்மேல் இரத்தம் தெறித்தது. கோயிலைச் சீர்செய்தபோது அதைக் கழுவிப் புதுச்சாயம் பூசவில்லை. கறையோடு கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். உயிர்த்த பிறகும் இயேசுவின் காயம் மறையவில்லையே. அதைக் காட்டித்தான் அமைதி சொன்னார். காயத்தை மறந்தால்தான் மன்னித்ததாக அர்த்தம் என்று உங்களிடம் யார் சொன்னார்கள்?

மறுவருடப் பெருநாளில் கர்தினால், தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்றார். ஆனால் பின்னணியில் யார், முன்கூட்டியே உளவுத் தகவல் கிடைத்தும் ஏன் தடுக்கவில்லை என்று கேட்பதை நிறுத்தவில்லை. 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. மன்னித்த பிறகு நீதிமன்றம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். எனக்கு அதில் முரண் தெரியவில்லை. மன்னிப்பு, கொடுக்கிறவருடைய பொருள். நீதி செத்தவர்களுக்குச் சேர வேண்டிய கடன்.

ஆகவே உங்கள் பங்கை விட்டுக்கொடுங்கள் என்று நான் எழுதப்போவதில்லை. விட்டுக்கொடுக்கச் சொல்வதெல்லாம் நம் குடும்பங்களில் அக்கா தங்கைகளுக்குத்தான். திருவிதாங்கூர்ப் பகுதிக் கிறிஸ்தவப் பெண்களுக்குச் சம பங்கு உண்டு என்று உறுதியாவதற்கே 1986இல் மேரி ராய் வழக்கின் தீர்ப்பு வர வேண்டியிருந்தது.

பர்னபா நிலத்தை விற்றுப் பணத்தைத் திருத்தூதர் காலடியில் வைத்த பகுதியைக் கட்டட நிதி வசூலிக்கிற ஞாயிறுகளில் நிறையக் கேட்டிருப்பீர்கள். அதை அடுத்து வரும் அனனியா கதையில் பேதுரு சொல்வதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை: நிலம் உன்னுடையதுதானே, விற்ற பணமும் உன் கையில்தானே இருந்தது என்கிறார். கொடுக்காததற்காக அவன்மேல் குற்றமில்லை, எல்லாம் கொடுத்ததாக நடித்தது குற்றம். வராத மன்னிப்பை வந்ததாகக் காட்டிக் கைகூப்பியிருந்தால் நீங்களும் அப்படித்தான் ஆகியிருப்பீர்கள். அந்த இரவில் நீங்கள் பொய் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பாஸ்கா காலம் பெந்தகோஸ்து வரைக்கும் ஐம்பது நாள். தோமையாருக்குக் கிடைத்ததைவிட அதிகம். அடுத்த ஞாயிறும் அதே வரிசையில் உட்காருங்கள், இடம் மாற்றிக்கொள்ள வேண்டாம். வழக்கு அதன் போக்கில் நடக்கட்டும்.

கடிதத்தின் கடைசியில், ஏதோ சில்லறை விஷயம்போல, ஒன்று எழுதியிருந்தீர்கள். பெருநாளன்று தம்பி மகள் பலகாரத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓடிவிட்டாள். பலகாரத்தைப் பிள்ளைகள் தின்றுவிட்டார்கள். தட்டு இன்னும் அடுப்படியில் இருக்கிறது என்று. வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நம் வீடுகளில் இல்லையே, அக்கா. இரண்டு வாழைப்பழம் போதாதா?

அன்புடன்,
உங்கள் தம்பி ஒருவன்