முதலில் காற்றுத்தடுப்பு, பிறகு கன்று

சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடத்து அங்கத்தினர்களின் கடன் மனுக்களை நாம் படிப்பதுண்டு. வெளிநாட்டுக் கன்றுகள் வாங்கப் பணம் கோரியிருப்பார்கள். அக்கன்றுகளைக் காக்கும் வேலிக்கும் ஓர மரங்களுக்கும் ஒரு ரூபாயேனும் கோரியிருக்க மாட்டார்கள். இது எத்துணைப் பெரிய பிழை என்பதை அறிய, தொலைவிலுள்ள ஒரு தீவின் அனுபவத்தை இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால், அட்லாண்டிக் பெருங்கடலில் சில்லித் தீவுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று ட்ரெஸ்கோ. ஏறக்குறைய 50 பாகை வட அட்சத்தில் இருப்பினும், சுற்றியுள்ள கடலின் வெதுவெதுப்பால் அங்கே உறைபனி அரிது. 1834-இல் இத்தீவுகளைக் குத்தகைக்கு எடுத்த அகஸ்டஸ் ஸ்மித் என்பவர், பழைய மடாலயம் ஒன்றின் இடிபாடுகளைச் சுற்றித் தோட்டம் அமைத்தார்.

அங்கே அன்றாடப் பகை குளிர் அன்று. உப்பைச் சுமந்து வரும் கடற்காற்றே. ஆகவே மதில்கள் எழுந்தன. கலிபோர்னியக் கடற்கரைக்குரிய மான்டெரி பைன், மான்டெரி சைப்ரஸ் மரங்கள் வரிசையாக நடப்பெற்றன. அவற்றின் காவலில், தெற்கு நோக்கிய சரிவு படிப்படியாகத் திருத்தப்பட்டது. வெயிலும் வறட்சியும் மிகுந்த மேற்படிகளில் தென்னாப்பிரிக்க, ஆஸ்திரேலியச் செடிகளும், ஈரப்பதமுள்ள கீழ்ப்படிகளில் நியூஸிலாந்துச் செடிகளும் தழைத்தன.

அத்தீவுகளின் மலர் விவசாயிகளும் இம்முறையையே கைக்கொண்டனர். வயல்களைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, நியூஸிலாந்திலிருந்து வந்த பிட்டோஸ்போரம் முதலிய செடிகளை உயர்ந்த வேலியாக வளர்த்து, உள்ளே நார்சிசஸ் பயிரிட்டனர். இங்கே அயல்நாட்டுச் செடியே காவற்காரன். நம் கடலோரத்தில் சவுக்கு செய்யும் பணியும் இதுவே அன்றோ!

எனினும் மிதமான சீதோஷ்ணம் என்றும் நிலைத்து நிற்பதன்று. 1987 ஜனவரியில் பனி பொழிந்து, கடுங்குளிரில் தோட்டத்துச் செடிகள் ஏராளமாக மடிந்தன. 1990 ஜனவரிப் புயலில் காவல் மரங்களுள் பெரும்பகுதி வீழ்ந்தது. பல தலைமுறை உழைப்பு சில நாட்களில் அழிந்தது. ஆயினும் காவல் மரங்களை மீண்டும் நட்டு, பிற தோட்டங்களிலிருந்து கன்றுகள் பெற்று, அத்தோட்டம் உயிர்த்தெழுந்தது.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை மூன்று. முதலாவது, கன்று நடுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே காற்றுத்தடுப்பை வளர்த்தல் வேண்டும். அடைத்த சுவரைத் தாண்டும் காற்று அப்பால் சுழன்று விழும். இடைவெளியுள்ள உயிர்வேலியோ, தன் உயரத்தைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகத்தைத் தணிக்கும். இரண்டாவது, நீர் தேங்காத மேட்டு நிலத்தைத் தேர்தல் வேண்டும். குளிரும் ஈரமும் சேர்ந்தால் வேர் அழுகும். மூன்றாவது, அரிய செடியைத் தம்மிடம் மட்டும் வைத்திராமல், பதியன் போட்டு அண்டை அங்கத்தினருக்கும் அளித்தல் வேண்டும். ஒருவர் தோட்டம் அழிந்தாலும் மற்றொருவரிடமிருந்து அச்செடி திரும்பி வரும்.

கொடுத்து வைத்த பதியனே ஆபத்துக்கால நிதியாகும். கூட்டுறவின் தத்துவமும் இதுவே. அடுத்த கடன் மனுவில் வேலிக்கும் ஒரு வரி எழுதுவோமாக.