எழுத்து விளையாட்டுக்கு ஏற்ற கருவி

கேள்வி: படமின்றி எழுத்தாலேயே நடக்கும் சாகச விளையாட்டு ஒன்றைத் தமிழில் இயற்ற விரும்புகிறேன். இன்ஃபார்ம், ட்வைன் இரண்டில் எதைக் கைக்கொள்ளலாம்?

பதில்: ஆடுகிறவர் தம் கட்டளையைத் தாமே தட்டெழுத வேண்டுமா, அல்லது தாங்கள் வகுத்த வழிகளுள் ஒன்றைத் தேர்ந்தால் போதுமா என்பதை முதலில் நிச்சயித்துக்கொள்ளுங்கள்.

கிரஹாம் நெல்சன் 1993இல் வெளியிட்டு, 2006இல் ஏழாம் பதிப்பாக அடியோடு மாற்றியமைத்த இன்ஃபார்ம், கட்டளையைத் தட்டெழுதும் ஆட்டத்துக்கு உரியது; அது அறை, கதவு, பெட்டி, விளக்கு ஆகியவற்றையும் அவற்றின் பரஸ்பர சம்பந்தங்களையும் ஓர் உலகமாகவே பாவித்து, பூட்டிய பெட்டிக்குள் இருப்பதை எடுக்க முயல்வோனை நாம் ஒரு வரியும் எழுதாமலே தடுத்துவிடும் சாமர்த்தியம் வாய்ந்தது. ஆயினும் அதன் நிரலே ஆங்கில வாக்கியங்களாக அமைவது; கட்டளையைப் பகுத்துணரும் பகுதியும் ஆங்கிலச் சொல்வரிசையை நம்பி நிற்பது. "பெட்டியிலிருந்து விளக்கை எடு" என்று ஒருவர் எழுதினால், உருபுகளைக் களைந்து பொருளை அறிய அதற்குக் கற்பிப்பதற்குள், தாங்கள் இலக்கணப் பண்டிதராகவும் நிரலாளராகவும் ஒருங்கே ஆகிவிட நேரும். அந்தத் தவத்தில் விருப்பமிருந்தால் தடுக்கமாட்டேன்.

வழிகளுள் ஒன்றைத் தேர்ந்தால் போதும், கதையே பிரதானம் என்றால், கிறிஸ் கிளைமஸ் 2009இல் அளித்த ட்வைனையே சொல்வேன். ஒவ்வொரு காட்சியையும் ஒரு கட்டத்தில் எழுதி, அடுத்த காட்சியின் பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குள் இட்டால் இணைப்பு உண்டாகிவிடும், தமிழெழுத்துக்குத் தடையில்லை, முடிந்த ஆட்டமும் ஒரே எச்.டி.எம்.எல். கோப்பாக உலாவியில் திறக்கும். கதை நீளமானால் சுகர்கியூப் என்னும் கதை வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்; ஆட்டத்தை இடையில் சேமித்துவைக்கும் வசதி அதில் ஆயத்தமாகவே உண்டு.