வேட்டியும் கோட்டும்: ஆண்களின் ஃபார்மல் உடை பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

அலுவலகம், நேர்காணல், நீதிமன்றம், திருமண வரவேற்பு, பாராட்டு விழா என நாலு பேர் கூடும் இடத்துக்கு ஆண்கள் உடுத்திச் செல்வதை ஃபார்மல் உடை என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. இதற்கு எழுதிவைத்த விதிகள் சில உண்டு. எழுதப்படாத வழக்கங்கள் பல. துணிக்கடையும் விளம்பரமும் சேர்த்துவிட்டவை அவற்றைவிட அதிகம். எது விதி, எது வழக்கம், எது வெறும் விற்பனைப் பேச்சு என்று பிரித்துப் பார்க்காததால்தான் மே மாத வெயிலில் மாப்பிள்ளைகள் பாலியெஸ்டர் கோட்டுக்குள் புழுங்குகிறார்கள். முதல் நேர்காணலுக்குப் போகும் இளைஞர்கள் கடன் வாங்கிக் கோட் தைக்கிறார்கள்.

நம்பிக்கை: கோட்டும் டையும் இல்லாவிட்டால் ஃபார்மல் உடை ஆகாது

இந்த நம்பிக்கைக்குத் தமிழ்நாட்டில் சட்டமே பதில் சொல்லிவிட்டது. 2014 ஜூலையில் சேப்பாக்கத்திலுள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு புத்தக வெளியீட்டு விழா நடந்தது. அதற்கு வந்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன், வேட்டி கட்டியிருந்தார் என்பதற்காக வாசலிலேயே தடுக்கப்பட்டார். மாநிலமே கொதித்தது. அடுத்த மாதமே சட்டமன்றம் பொது இடங்களில் உடைக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. கிளப், சங்கம், அறக்கட்டளை, நிறுவனம் என எதுவானாலும், வேட்டியோ வேறு இந்திய மரபு உடையோ அணிந்து வருபவரை அதற்காகத் தடுக்கக் கூடாது என்கிறது அச்சட்டம். மீறினால் உரிமம் ரத்தாகலாம். தடுத்தவருக்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

தலைமைச் செயலக ஊழியர்களுக்காக 2019-இல் வந்த அரசாணையும் சட்டையோடு ஃபார்மல் பேன்ட் அல்லது வேட்டி என்றே ஆண்களுக்கு வகுத்தது. நீதிமன்றம், தீர்ப்பாயம் ஆகியவற்றின் முன் நிற்கும்போது மட்டும் கழுத்துவரை பொத்தானிட்ட கோட் அல்லது டையுடன் கூடிய திறந்த கோட் வேண்டும் என்றது. வழக்கறிஞர்களின் நிலை இன்னும் சுவையானது. கறுப்புக் கோட், வெள்ளைக் கழுத்துப் பட்டை, கவுன் ஆகியவற்றை வகுத்துள்ள இந்திய பார் கவுன்சில் விதி, இடுப்புக்குக் கீழே முழுநீளப் பேன்ட் அல்லது வேட்டி என இரண்டையும் அனுமதிக்கிறது. ஜீன்ஸை மட்டும் பெயர் சொல்லி விலக்குகிறது. வேட்டி மேல் கோட் போட்டு வாதாடிய பழைய மெட்ராஸ் வக்கீல்களின் படங்கள் இன்று வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் அந்த உடை இன்றும் விதிக்கு உட்பட்டதுதான்.

உலக அரங்கிலும் இதே கதைதான். நோபல் பரிசு விழாவில் ஆண்களுக்கு வால் கோட்டும் வெள்ளை போ டையும் விதி. தேசிய உடைக்கும் அங்கே சம இடம் உண்டு. 2019 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் பொருளாதாரத்துக்கான பரிசைப் பெற்ற அபிஜித் பானர்ஜி, வங்காள முறையில் வேட்டி கட்டி, மேலே கறுப்பு பந்த்கலா கோட் அணிந்திருந்தார். அதற்கு வெகுகாலம் முன்பே இராஜாஜி வேட்டியுடன் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தார். ப. சிதம்பரம் வெள்ளை வேட்டி சட்டையில் மத்திய பட்ஜெட் வாசித்ததைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது.

எல்லா வேட்டியும் எல்லா இடத்துக்கும் பொருந்திவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு முழம் என்பது 18 அங்குலம். நாலு முழ ஒற்றை வேட்டி சுமார் 1.8 மீட்டர் நீளம். எட்டு முழ இரட்டை வேட்டி சுமார் 3.65 மீட்டர். இரட்டை வேட்டி இரண்டாக மடிந்து நிற்பதால் உள்ளே தெரியாது, விளிம்பும் நேராக விழும். அலுவலகத்துக்கும் மேடைக்கும் அதுவே தகுந்தது. கரை மெலிதாக இருப்பது நல்லது. கட்சிக்கொரு கரை உள்ள மாநிலத்தில், கரையின் நிறம் உடுத்தியவர் வாய் திறப்பதற்கு முன்பே அவருடைய அரசியலைச் சொல்லிவிடும். கணுக்கால்வரை தழைய விட்டால்தான் அது ஃபார்மல். முழங்காலுக்கு மடித்துக் கட்டினால் வேலைக்கோலம். வேட்டிக்குத் தோல் செருப்பே முறை, ஷூ தேவையில்லை. இடுப்பில் நிற்குமோ என்ற பயம் உள்ளவர்கள் ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த வேட்டியைத் தயங்காமல் வாங்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது.

நம்பிக்கை: வேட்டி தமிழர் எல்லோருக்கும் பொதுவான உடை, கோட் போடுவது அடிமைப் புத்தி

மேடைகளில் உணர்ச்சியோடு சொல்லப்படும் இந்தப் பேச்சு, வரலாற்றின் ஒரு கொடிய பக்கத்தை மறைத்துவிடுகிறது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழோ இடுப்புக்கு மேலோ துணி அணியக் கூடாது. கோட், சட்டை, பனியன் போடக் கூடாது. முடியைக் கிராப் வெட்டிக்கொள்ளக் கூடாது. குடை பிடிக்கவோ செருப்பு அணியவோ கூடாது. பெண்கள் மீதான தடைகள் இவற்றைவிடக் கொடியவை. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தடையை மீறியவர்களின் வீடுகள் எரிக்கப்பட்டன.

தழையக் கட்டிய வேட்டியும் தோளில் போட்ட துண்டும் அன்று எல்லோருக்கும் கிடைத்தவை அல்ல. தோள் துண்டைச் சுயமரியாதை இயக்கத்தார் ஓர் உரிமைச் சின்னமாக ஆக்கியதற்கும், அம்பேத்கர் பெரும்பாலும் நேர்த்தியான கோட்டும் டையுமாகப் பொதுவெளியில் நின்றதற்கும் பொருள் இங்கே இருக்கிறது. மறுக்கப்பட்ட கண்ணியத்தை உடையின் வழியே எடுத்துக்கொண்டவர்களை ஆங்கில மோகம் என்று ஒரு சொல்லில் ஒதுக்குவது அநியாயம். மறுபக்கம், 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி அரையாடைக்கு மாறியதும், பத்தாண்டு கழித்து லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனைக்கே அதே கோலத்தில் போனதும் உடையால் பேசிய இன்னொரு பேச்சு. இரண்டுக்கும் மரியாதை உண்டு. வேட்டி கட்டியவரைக் கிளப் வாசலில் தடுத்ததும், சட்டை போட்டவரை ஊர்த் தெருவில் அடித்ததும் ஒரே மனநிலையின் இரண்டு முகங்கள்.

நம்பிக்கை: டை கட்டாதவருக்கு வேலையில் அக்கறை இல்லை

ஜப்பான் அரசு 2005 கோடையில் ‘கூல் பிஸ்’ என்ற இயக்கத்தைத் தொடங்கியது. அலுவலகக் குளிர்சாதனத்தை 28 டிகிரியில் வைக்கவும், கோட்டும் டையும் இல்லாமல் வரவும் ஊழியர்களைக் கேட்டுக்கொண்டது. பிரதமர் கொய்சுமியே டை இல்லாமல் வந்தார். 2009-இல் வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக அரசு அதிகாரிகள் கோட், டை அணிவதை நிறுத்தச் சொன்னார். இந்த நாடுகளில் அதனால் அரசாங்க வேலை நின்றுவிடவில்லை. டை கட்டியே ஆக வேண்டிய இடத்தில், அதன் நுனி பெல்ட் கொக்கியைத் தொட்டு நின்றால் போதும். பெரிய ‘வின்ட்சர்’ முடிச்சு போட்டால்தான் மரியாதை என்பதும் வீண். அந்த முடிச்சுக்குப் பெயர் தந்த வின்ட்சர் கோமகனே சாதாரண ஒற்றை முடிச்சுதான் போட்டார். டைக்குள் தடித்த உள்துணி வைத்துத் தைக்கச் சொன்னதால் முடிச்சு பெரிதாகத் தெரிந்தது.

நம்பிக்கை: கம்பளித் துணி நம் வெயிலுக்கு ஆகாது

கம்பளி என்றதும் போர்வை நினைவுக்கு வருவதால் பலர் பாலியெஸ்டர் கோட் வாங்கிவிடுகிறார்கள். உடலுக்கு அது பெரிய தண்டனை. வழக்கமான ஈரப்பதத்தில் பருத்தி இழை தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தை உள்ளே வாங்கிவைக்கும். கம்பளி 16 சதவீதம் அளவுக்கு வாங்கும். பாலியெஸ்டர் வாங்குவது 0.4 சதவீதம்தான். வியர்வை தோலிலேயே தங்கிப் பிசுபிசுப்பது இதனால்தான். மீட்டருக்கு 250 கிராம் அளவிலான, இடைவெளி விட்டு நெய்த ‘டிராப்பிக்கல்’ கம்பளித் துணியில் காற்று நன்றாகப் போய்வரும். மடிப்புக் கசங்கலும் ஒரே இரவில் தானாக நீங்கும்.

கோட்டின் உள்ளே இருக்கும் லைனிங்கையும் பார்க்க வேண்டும். வெளித்துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், முதுகு முழுக்கப் பாலியெஸ்டர் லைனிங் வைத்துத் தைத்தால் பயன் போய்விடும். பாதி லைனிங் வைக்கச் சொல்லித் தைப்பது நம் ஊருக்குப் பொருத்தம். இவ்வளவு செய்த பிறகும், சென்னையின் பகல் வெயிலில் பருத்தி வேட்டிக்கு ஈடாக எந்தக் கோட்டும் நிற்காது.

நம்பிக்கை: ‘சூப்பர்’ எண் கூடக் கூடத் துணி உயர்ந்தது

கோட் துணியின் விளிம்பில் சூப்பர் 100, சூப்பர் 120, சூப்பர் 150 என்று அச்சிட்டிருப்பார்கள். கடைக்காரர் எண்ணைக் காட்டி விலையை ஏற்றுவார். அந்த எண் கம்பளி இழையின் மெல்லிய தன்மையை மட்டுமே குறிக்கிறது. சூப்பர் 100 என்றால் இழையின் சராசரித் தடிமன் 18.75 மைக்ரானுக்கு மேல் போகக் கூடாது. 120 என்றால் 17.75, 150 என்றால் 16.25. மெல்லிய இழையில் வழவழப்பும் மினுக்கும் கூடும். ஆனால் எளிதில் கசங்கும், பைக் வண்டியின் இருக்கையில் உரசி உரசிச் சீக்கிரம் தேயும். வாரத்தில் பல நாள் உடுத்துகிறவருக்கு 100, 110 தாராளம். பாலியெஸ்டர் கலந்த துணிக்குச் ‘சூப்பர்’ என்ற சொல்லே செல்லாது. பன்னாட்டுக் கம்பளி அமைப்பின் விதி அதைத் தூய புதுக் கம்பளிக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறது.

நம்பிக்கை: கறுப்புக் கோட் இருந்தால் எல்லா இடத்துக்கும் போதும்

மேற்கத்திய மரபில் கறுப்பு மாலை விருந்துக்கும் துக்கத்துக்கும் உரிய நிறம். பகல்நேர அலுவலுக்குக் கருநீலமும் கரிச் சாம்பலும்தான் அங்கே வழக்கம். தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் முகூர்த்தத்துக்குக் கறுப்பு ஆகாது. ஒரே ஒரு கோட் வாங்க முடிந்தவர் கருநீலம் வாங்கினால் நேர்காணல், வரவேற்பு, விழா மூன்றுக்கும் அது உதவும்.

நம்பிக்கை: பொத்தான்கள் எல்லாவற்றையும் போட வேண்டும், லேபிள் வெளியே தெரிய வேண்டும்

ஒற்றை வரிசைக் கோட்டின் கடைசிப் பொத்தானைப் போடுவதில்லை. இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டின் தொப்பையில் தொடங்கிய வழக்கம் என்று ஒரு கதை உலவுகிறது. கதை எப்படியோ, இன்றைய கோட்டுகள் அந்தப் பொத்தான் திறந்திருக்கும் என்ற கணக்கிலேயே வெட்டப்படுகின்றன. உட்காரும்போது எல்லாப் பொத்தானையும் கழற்றிவிட வேண்டும். இரட்டை வரிசைக் கோட்டுக்கு மட்டும் இது பொருந்தாது. கை விளிம்பில் வெளிப்புறமாகத் தைத்திருக்கும் கம்பெனி லேபிளும், பின்பக்கப் பிளவைச் சேர்த்துப் பெருக்கல் குறிபோல் போட்ட நூலும் கடையில் இருக்கும்வரைக்குமானவை. வீட்டுக்கு வந்ததும் பிரித்துவிட வேண்டும்.

நம்பிக்கை: மொடமொடவென்று கஞ்சியும் அடிக்கடி ட்ரை கிளீனிங்கும்தான் துணியைக் காக்கும்

கஞ்சி ஒருநாள் மிடுக்குக்கு நல்லது. நீண்ட ஆயுளுக்கு ஆகாது. கஞ்சி போட்ட துணியை மடித்து மாதக்கணக்கில் பெட்டியில் வைத்தால் மடிப்பில் இழை வெடிக்கும். மாவுச் சத்தைத் தேடி வெள்ளிப்பூச்சி வரும். எடுத்து வைப்பதற்கு முன் அலசிக் கஞ்சியைப் போக்கிவிட வேண்டும். பட்டு வேட்டியை அவ்வப்போது மடிப்பு மாற்றி வைக்காவிட்டால் சரிகை ஒரே கோட்டில் முறியும். ‘ரிங்கிள் ஃப்ரீ’ சட்டைக்கும் ஒரு விலை உண்டு. கசங்காமல் இருக்க அதில் ஏற்றும் பிசின், பருத்தி இழையின் வலுவைக் குறைத்துவிடுகிறது. காலர் விளிம்பு முதலில் நைந்துபோகும்.

ட்ரை கிளீனிங் என்பது பெயரளவில்தான் உலர்ந்தது. தண்ணீருக்குப் பதில் ரசாயனக் கரைப்பானில் துணியை முக்கி எடுக்கிறார்கள். அந்தக் கரைப்பானும் சூடான அழுத்தமும் சேர்ந்து, பசையால் உள்துணி ஒட்டிய மலிவான கோட்டுகளின் மார்புப் பகுதியில் குமிழ் எழுப்பிவிடும். கோட்டைப் போட்டுக் கழற்றியதும் பிரஷ்ஷால் தட்டி, அகலமான ஹேங்கரில் மாட்டிக் காற்றாட விட்டாலே பெரும்பாலும் போதும். கறை பட்டால் மட்டும் ட்ரை கிளீனிங் கொடுக்கலாம்.

நம்பிக்கை: விலை கூடிய பிராண்ட் என்றால் உடம்பில் அழகாக உட்காரும்

ரெடிமேட் உடை ஒரு சராசரி உடம்பை மனத்தில் வைத்துத் தைக்கப்படுகிறது. அந்தச் சராசரிக்குள் அடங்காத தோளும் வயிறும்தான் பெரும்பாலோருக்கு உண்டு. சாதாரணச் சட்டையைத் தெருமுனை டெய்லரிடம் கொடுத்துப் பக்கவாட்டில் சற்றுப் பிடித்துவிட்டால், விலை உயர்ந்த தொளதொளச் சட்டையைவிட அது நன்றாக இருக்கும். சட்டையின் கீழ் விளிம்பு வளைந்து நீண்டிருந்தால் அது ‘இன்’ பண்ணுவதற்காக வெட்டியது. நேராக இருந்தால் வெளியே விடலாம். காலர் பொத்தான் போட்ட பிறகு இரண்டு விரல் நுழைய இடம் வேண்டும். கோட்டின் கைக்கு வெளியே சட்டையின் விளிம்பு அரை அங்குலம் தெரிய வேண்டும்.

கோட்டில் கை நீளத்தைக் குறைக்கலாம், இடுப்பைப் பிடிக்கலாம், பேன்ட்டின் உயரத்தை மடித்துத் தைக்கலாம். தோளை மட்டும் மாற்றுவது கடினம். கோட்டையே பிரித்துத் திரும்பத் தைப்பதற்குச் சமமான வேலை அது. ஆகவே கண்ணாடி முன் நிற்கும்போது முதலில் பார்க்க வேண்டியது தோள் தையல், தோள் எலும்பு முடியும் இடத்தில் முடிகிறதா என்பதைத்தான். அங்கே சரியாக உட்காராத கோட்டை, எத்தனை சதவீதம் தள்ளுபடி கொடுத்தாலும், கடையிலேயே விட்டுவிட்டு வருவதே நல்லது.