அல்சூரில் ஓடத் தொடங்குகிறவர்களுக்கு: சில பயனுள்ள குறிப்புகள்

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் விடியற்காலை நடக்க வருகிறவர்களில் பலருக்கு உள்ளூர ஓர் ஆசை உண்டு: கொஞ்சம் ஓடித்தான் பார்த்தால் என்ன? சேலைக்குக் கீழே ஷூ மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடக்கும் அம்மாக்களுக்கும் உண்டு, தொந்தியை உள்ளிழுத்துப் பிடித்தபடி நடக்கும் ஐ.டி.க்காரர்களுக்கும் உண்டு. ஓடத் தொடங்கியவர்கள் பாதியில் விட்டுவிட்டால் வீட்டில் சோம்பேறி என்பார்கள். நான் பார்த்தவரையில் குற்றவாளி சோம்பல் அல்ல, வேகம். முதல் நாளே நாக்கு தள்ள ஓடுவது, மூன்றாம் நாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவது, அதற்கு அடுத்த வாரம் ஷூ பரண்மேல் ஏறிவிடுவது. கீழே இருப்பவற்றில் முக்கால்வாசி இந்த ஒன்றைத் தடுப்பதற்குத்தான்.

1. பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள். தனியாக ஓடினால் வாய்விட்டு ஏதாவது சொல்லிப் பாருங்கள். திருப்புகழ் தெரிந்தவர்கள் அதையே முணுமுணுக்கலாம். நடுவில் மூச்சு அறுந்தால் வேகம் அதிகம் என்று பொருள். இந்த வேகம் பார்க்க அழகாக இருக்காது. நடக்கிறவர்களே உங்களைத் தாண்டிப் போவார்கள். போகட்டும். ஏரியை ஒட்டியே மதராஸ் இன்ஜினியர் குழுமத்தின் ராணுவ மையம் இருக்கிறது. கட்டான உடம்போடு ஒரு இளைஞர் பறந்து போனால் அவர் பின்னால் ஓடுகிற எண்ணம் மட்டும் வேண்டாம்.

2. ஓட்டத்தையும் நடையையும் கலந்து தொடங்குங்கள். அமெரிக்காவில் ஜோஷ் கிளார்க் என்பவர் 1996இல் வகுத்த ஒன்பது வாரத் திட்டம் உலகம் முழுக்கப் பிரபலம். ஐம்பது வயதைக் கடந்த தன் தாயாரை மனதில் வைத்துத்தான் அதைப் போட்டார் என்பார்கள். முதல் வாரம் இவ்வளவுதான்: ஐந்து நிமிடம் வேக நடை, பிறகு 60 விநாடி மெது ஓட்டம், 90 விநாடி நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம். வாரத்தில் மூன்று நாள். வாரம் ஏற ஏற ஓட்டம் கூடி நடை குறையும். ஒன்பதாம் வாரம் நிறுத்தாமல் அரை மணி நேரம் ஓடலாம். ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதையே இன்னொரு வாரம் செய்யுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். ஒன்பது வாரமா என்று அலுத்துக்கொள்பவர்கள் ஏரிக்கரைத் திருவள்ளுவரைப் பார்த்துக்கொள்ளலாம். 1991இல் அங்கே வந்த சிலை, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்படும்வரை மூடியே கிடந்தது.

3. தினமும் ஓடாதீர்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். நடு நாட்களில் நடக்கலாம், வீட்டு வேலையே இருக்கிறது. காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. மூச்சும் இதயமும் சில வாரங்களிலேயே பழகிவிடும். எலும்பும், தசையை எலும்போடு கட்டும் நாண்களும் அப்படி அல்ல, அவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் முதல் மாதக் கடைசியில் ஒரு பொல்லாத கட்டம் வருகிறது. மூச்சு வாங்குவதில்லை, உற்சாகம் தாங்கவில்லை, ‘இன்றைக்கு இன்னொரு சுற்று’ என்று மனசு சொல்லும். கால் அதற்குத் தயாராக இருக்காது. அடிபடுகிறவர்களில் பலர் அடிபடுவது முடியாமல் ஓடிய நாளில் அல்ல, நன்றாக ஓட முடிந்த நாளில்.

4. தூரத்தை அளக்காதீர்கள், நேரத்தை மட்டும் பாருங்கள். கையில் கட்டும் கருவி முதல் இரண்டு மாதத்துக்குத் தேவையே இல்லை. சாதாரணக் கடிகாரம் போதும்.

5. எங்கே ஓடுவது? ஏரியின் கரையில் ஒரு பகுதி ராணுவத்தின் வசம் இருப்பதால் உள்ளே இருக்கும் நடைபாதையிலேயே முழுச் சுற்று வர முடியாது. திறந்திருக்கும் பகுதிக்குள் போய்ப் போய்த் திரும்புவதுதான் புதியவர்களுக்குப் பத்திரம். கென்சிங்டன் சாலை, அண்ணாசாமி முதலியார் சாலை வழியாக வெளியே ஓடினால் நடைபாதையில் பதித்த கற்பலகைகளைக் கவனியுங்கள். அடியில் சாக்கடை, ஒரு பலகை ஆடும், அடுத்தது இல்லாமலே இருக்கும். சாலையில் இறங்க வேண்டி வந்தால் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள், முதுகைக் காட்டிக்கொண்டு அல்ல. காதில் பாட்டு வேண்டாம். கட்டாயம் வேண்டுமானால் ஒரு காதில் மட்டும். பஜார் தெருப் பக்கம் பூக்காரர்கள் கடை விரிக்கும் முன்பே சரக்கு வண்டிகள் வந்துவிடும், அது ஓடுகிற இடமே அல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பன் பூங்காவுக்குப் போய்விடுங்கள். அன்று உள்ளே வாகனம் கிடையாது, மரநிழல் உண்டு, மண் பாதையும் உண்டு. மெட்ரோவில் அல்சூரிலிருந்து மூன்றாவது நிறுத்தம்.

6. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னைக்காரர்கள் பொறாமைப்படும் குளிர்ச்சி. அதில் ஒரு ஏமாற்றமும் உண்டு: வேர்வை தெரியாது, தாகமும் தெரியாது. ஓட்டம் முடிந்ததும் தாகம் எடுக்கவில்லை என்றாலும் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். மார்ச் முதல் மே வரை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். அதற்குமேல் வெயில் மட்டும் அல்ல, வண்டிப் புகையும் ஏறிவிடும்.

7. ஷூ. இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது, ஊதாரித்தனமும் வேண்டாம். மாலையில் போய் வாங்குங்கள், நாள் முழுக்க நின்ற பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான். ஓடும்போது போடும் அதே காலுறையைக் கொண்டு போங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். குதிகால் நழுவக் கூடாது. கடைக்காரர் தடுத்தாலும் கடைக்கு உள்ளேயே நாலு முறை ஓடிப் பாருங்கள். ‘போகப் போக இளகிடும் சார்’ என்றால் அந்த ஜோடியை வைத்துவிடுங்கள். முதல் நாளே வசதியாக இல்லாத ஷூ பிறகும் வசதிப்படாது. ஒரு ஜோடி ஏறத்தாழ 500 முதல் 800 கிலோமீட்டர் தாங்கும். அப்புறம் மேலே பளபளப்பாக இருந்தாலும் அடி மெத்தை செத்திருக்கும். காய்கறி வாங்கப் போக வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் யாராவது, ‘அந்தக் காலத்தில் வெறுங்காலில்தான் ஓடினோம்’ என்பார். உண்மைதான், எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடித் தங்கம் வென்றார். 1964இல் டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி மறுபடியும் வென்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

8. செப்டம்பர், அக்டோபர் மழையில் ஷூ நனையாமல் இருக்காது. உள் அட்டையை வெளியே எடுத்து, பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். தாள் ஈரமானதும் மாற்றுங்கள். அடுப்புப் பக்கமோ சுள்ளென்ற வெயிலிலோ வைத்தால் ஒட்டுப்பசை விட்டுப்போகும்.

9. காலையில் வெறும் வயிற்றோடு அரை மணி நேரம் ஓடுவதால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. பசி தாங்காதவர்கள் அரை வாழைப்பழமோ இரண்டு பேரீச்சம்பழமோ சாப்பிடலாம். ஓடி முடித்த பிறகு ராகிக் கஞ்சி, இட்லி, முட்டை என்று வீட்டில் இருப்பதே போதும். டப்பாவில் வரும் மாவுகள் அவசியமில்லை. ஒரு எச்சரிக்கை: ஏரியைச் சுற்றிவிட்டு நேரே தர்ஷினி ஓட்டலுக்குப் போய் மசால் தோசையும் வடையும் சாப்பிட்டு, எடை குறையவில்லையே என்று ஓட்டத்தைக் குறை சொல்கிறவர்கள் இந்த ஊரில் அதிகம். தோசை நல்ல தோசைதான். ஓட்டத்தின் மேல் பழி போடாதீர்கள்.

10. வேர்த்து விறுவிறுத்துக் களைத்துப் போனால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து குடியுங்கள். உப்பு அளவு தப்பக் கூடாது. எலுமிச்சை பிழிவது ருசிக்கு.

11. விலாவில் பிடித்துக்கொண்டால் நடைக்கு மாறி, வாய் வழியாக நீளமாக மூச்சை விடுங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் ஓடினால் இது அடிக்கடி வரும்.

12. எந்த வலியைப் பொறுப்பது, எதைப் பொறுக்கக் கூடாது? தொடை, கெண்டைக்கால் இரண்டிலும் பரவலாக இருக்கும் வலி இரண்டு நாளில் போய்விடும். ஒரு காலில் மட்டும், ஒரு விரல் வைத்துக் காட்ட முடிகிற இடத்தில், ஓட ஓடக் கூடுகிற வலி வேறு ரகம். அன்றே நிறுத்துங்கள். கணைக்கால் எலும்பின் முன்பக்கம் தொட்டால் வலித்தால் ஒரு வாரம் ஓய்வு. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் சுருக்கென்றால், அடிப்பாதத்துக்குக் கீழே குளிர்ந்த தண்ணீர் பாட்டிலைப் போட்டு மெல்ல உருட்டுங்கள். வீட்டில் வெறுங்காலில் மொசைக் தரையில் நடப்பதைக் குறையுங்கள். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடுவது மட்டும் கூடவே கூடாது.

13. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்களும், நாற்பது தாண்டிப் பல ஆண்டுகள் உடற்பயிற்சியே இல்லாமல் இருந்தவர்களும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் பையில் இனிப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, தலைச்சுற்றல் வந்தால் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். ‘வாயுதான்’ என்று வீட்டுக்கு நடந்து போக வேண்டாம்.

14. தெருநாய் குரைத்தால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். ஓடினால் துரத்துவது அதன் இயல்பு. கண்ணுக்குள் உற்றுப் பார்க்காமல், முதுகையும் காட்டாமல் விலகுங்கள். கடித்தாலோ பல் கீறினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசிக்குப் போய்விடுங்கள். மஞ்சளும் மிளகாய்ப் பொடியும் சமையலுக்கு.

15. பருத்திச் சட்டை வேர்வையைக் குடித்துக் கனத்துவிடும். சீக்கிரம் காயும் துணி நல்லது. தொடை, அக்குள், உள்ளாடை விளிம்பு உரசும் இடங்களில் புறப்படும் முன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். பெண்கள் நல்ல பிடிப்புள்ள ஸ்போர்ட்ஸ் பிராவில் பணம் போடத் தயங்க வேண்டாம், அது ஷூவுக்குச் சமமான அவசியம். ஓடுவதற்கு இந்த உடைதான் என்று சட்டமில்லை. சல்வாரில் ஓடுங்கள், துப்பட்டாவை மட்டும் வீட்டில் விட்டுவிடுங்கள்.

16. வீட்டில் பெண்கள் ஓடப் போவதென்றால் தடை பெரும்பாலும் காலில் இல்லை, அடுப்படியில் இருக்கிறது. பால் காய்ச்சுவது, டிபன் டப்பா, பள்ளி வேன். வாரத்தில் மூன்று காலை அந்த வேலையை வேறொருவர் செய்வதென்று முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். ‘முடிந்தால் போகிறேன்’ என்றால் போகவே முடியாது. இரவே துணி, காலுறை, ஷூ, சாவி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துவிடுங்கள். விடியற்காலையில் காலுறைக்கு ஜோடி தேடும்போதுதான் மனசு மாறுகிறது.

17. ஓடத் தெரிந்துவிட்டதும் ஒரு பந்தயத்தில் பெயர் கொடுங்கள். 2008 முதல் நடக்கும் பெங்களூரு வேர்ல்டு 10கே சமீப ஆண்டுகளில் ஏப்ரல் கடைசியில் வருகிறது. பத்து கிலோமீட்டர் வேண்டாம் என்பவர்களுக்கு அதிலேயே மஜ்ஜா ரன் என்ற குறுகிய ஓட்டம் உண்டு. பொங்கல் முடிந்ததும் பயிற்சியைத் தொடங்கினால் ஒன்பது வாரம் போக, கைவசம் சில வாரம் மிச்சமும் இருக்கும். காய்ச்சலுக்கும் கல்யாணத்துக்கும் அது ஈடுகட்டும். பந்தய நாளன்று புது ஷூ, புதுச் சட்டை, புதுச் சாப்பாடு எதுவும் வேண்டாம். கூட்டத்தோடு கிளம்பும்போது முதல் கிலோமீட்டரில் எல்லாரும் பாய்வார்கள். நீங்கள் ஓரமாக, பேச முடிகிற அதே வேகத்தில் போங்கள். அவர்களில் பலரை எட்டாவது கிலோமீட்டரில் பார்ப்பீர்கள்.